வெயில் பக்கம்

டக். டக். டக்.

மடத்துக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. தகர டின்னைக் குச்சியால் தட்டும் சத்தம். மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி மூன்று தட்டு.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த சின்ன சாமியின் கை நின்றது. வாசலில் படுத்திருந்த நாய் காதை நிமிர்த்தியது. எழுந்து, வாலைச் சுழற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடியது. போன வேகத்திலேயே திரும்பி வந்து பழைய இடத்தில் படுத்து, மூக்கை முன்னங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டது.

அது ஹவில்தார் சம்பங்கியின் சத்தம். ஓட்டை போட்ட பால்பவுடர் டின்னில் சுண்ணாம்புப் பொடியை நிரப்பி, தட்டித் தட்டி, மடத்தின் பின்னால் வாலிபால் மைதானத்துக்குக் கோடு போடுவார். சனிக்கிழமை மூன்று மணி என்றால் அந்தச் சத்தம் கேட்கும். பதினோரு வருடம் கேட்டது.

சம்பங்கி இறந்து இன்றோடு இருபத்தொன்பது நாள்.

சத்தம் பாதியில் நின்றது. சாமி காத்திருந்தார். மறுபடி வரவில்லை.

"சாமி."

ஏகாம்பரம் வந்து நின்றார். வேட்டியெல்லாம் சுண்ணாம்பு. கையில் கொத்தனாரிடம் இரவல் வாங்கிய டேப்.

மடத்தில் சமையல் அவர் பொறுப்பு. சாமியைவிடப் பதின்மூன்று வயது பெரியவர். இருந்தாலும் அவர்தான் சீடன். பெரிய சாமி கண் மூடியபோது மடம் இளையவர் கைக்கு வந்தது. ஏகாம்பரம் அதைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை.

"கோடு போட்டாச்சா?"

"பாதியில நிறுத்திட்டேன்."

"சுண்ணாம்பு தீந்துடுச்சா?"

"அளவு தப்பா இருக்கு சாமி."

"யாரோட அளவு?"

"ஹவில்தாரோட அளவு."

சாமி ஒரு கீரைத்தண்டை ஒடித்தார். "எவ்வளவு தப்பு?"

"ஒரு முழம். அவர் ஆடற பக்கம் சரியா ஒம்போது மீட்டர் இருக்கு. ஒரு விரக்கடை கூடக் குறையல. நம்ம மடத்துப் பக்கம் ஒரு முழம் குட்டை. பழைய கோட்டோட வெள்ளை இன்னும் தரையில தெரியுது. மூணு தடவை புடிச்சுப் பாத்துட்டேன்."

"கை தவறியிருக்கும்."

"யாருக்கு, அவருக்கா? சட்டையைக் காயப் போட்டாக் கூட கொடிக்கு ரெண்டு பக்கமும் சமமாத் தொங்கணும் அவருக்கு."

சாமி அடுத்த தண்டை எடுத்தார்.

ஏகாம்பரம் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். இடது காலை நீட்டித்தான் உட்கார முடியும். லாரி டிரைவராக இருந்தவர். சரக்கு மேல் தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து கீழே விழுந்தார். இடுப்பு எலும்பு நொறுங்கியது. மடத்துக்கு வந்தபோது இரண்டு கக்கத்திலும் கட்டை இருந்தது. பேச்சும் குறைவு. நாளெல்லாம் ஒரே தூணில் சாய்ந்திருப்பார்.

ஒரு நாள் மாலை சம்பங்கி அந்தத் தூணின் முன்னால் வந்து நின்றார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இன்னா டிரைவர், உக்காந்தே மோட்சம் போயிடலாம்னு பாக்கறியா?"

"என்னால நிக்க முடியாதுங்க."

"நிக்கறவன் எவனும் மோட்சம் போனதில்ல. எழுந்து வா. பின்கோட்டுல நில்லு. பந்து உங்கிட்ட வந்தா தட்டு. வரலன்னா கையைக் கட்டிக்கினு வேடிக்கை பாரு."

அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு கட்டைகள் போயின. ஒரு கோல் மிஞ்சியது. அதுவும் போனது. மடத்துப் பக்கத்தின் பின்கோடு ஏகாம்பரத்தின் இடமானது. டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் சம்பங்கி சொல்லிக்கொண்டு திரிந்தார், டிரைவரைத் தாண்டி ஒரு பந்து கீழே விழாது என்று.

ஏகாம்பரம் அந்தப் பேச்சைப் பத்திரமாக வைத்திருந்தார். வெளியே காட்டியதில்லை.

"அதை நம்பிட்டேன் சாமி," என்றார் இப்போது. "குட்டைக் கோட்டுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு, நானும் ஒரு ஆளுன்னு நெனச்சுட்டேன்."

"ஒரு முழம்தானே."

"ஒரு முழத்துல எத்தனை பந்து விழும் தெரியுமா?"

"எனக்கு ஆடத் தெரியாது."

"எனக்கும் தெரியாதுன்னு இன்னிக்குத் தெரிஞ்சுது."

நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டது.

மறுநாள் முப்பதாம் நாள் படையல். செத்தால் மேளம் வேண்டாம், ஒரு மேட்ச் வையுங்கள் என்று சம்பங்கி உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருந்தார். மாலை நாலரைக்கு ஆட்டம். அவரோடு பட்டாளத்தில் ஆடிய பழைய ஆட்கள் வருகிறார்கள். மூன்று மகள்களும் வருகிறார்கள். ஆட்டத்துக்கு முன்னால் ஏகாம்பரம் நாலு வார்த்தை பேச வேண்டும். சம்பங்கியின் மனைவி நவநீதம் கேட்டுக்கொண்டது அது.

"வூட்ல இருந்த மனுஷனை எனக்குத் தெரியும்," என்று சொல்லியிருந்தாள். "பட்டாளத்துல இருந்த மனுஷனை அவங்க சொல்லிடுவாங்க. இங்க இருந்த மனுஷனை யார் சொல்றது? நீதான் தம்பி சொல்லணும். எம் பொண்ணுங்க கேக்கணும்."

"நாளைக்கு நான் இருக்க மாட்டேன் சாமி," என்றார் ஏகாம்பரம். "டவுனுக்குப் போயிடறேன். சமையலுக்கு ஆள் சொல்லிட்டுப் போறேன்."

"பேசறதுக்கு எழுதி வச்சிருந்தீங்களே."

"மடியில இருக்கு."

"படிங்க."

ஏகாம்பரம் மடியிலிருந்து நோட்டுத் தாளை எடுத்தார். நாலாக மடித்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "ஹவில்தார் சம்பங்கி அவர்கள் நேர்மையின் சிகரம்." நிறுத்தினார். "இந்த வரியைத்தான் இன்னா பண்றதுன்னு தெரியல."

"அடுத்தது?"

"கட்டுப்பாடு மிக்கவர். தியானத்தில் அமர்ந்தால் மலைபோல் அசையாதிருப்பார்."

சாமி சிரித்துவிட்டார். "அசையாம இருந்தாரா?"

"இருந்தாரே."

"துண்டுக்குள்ள என்ன வச்சிருந்தார்?"

ஏகாம்பரம் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரேடியோ."

"காதுல?"

"ஒயரு."

"நீங்கதான் எங்கிட்ட வந்து புகார் சொன்னீங்க. ஹாக்கி மேட்ச் அன்னிக்கு எல்லாரும் கண்ணை மூடிட்டு இருக்கும்போது எழுந்து நின்னு கோல்னு கத்தினாரே. அதை எழுதலையா?"

"செத்தவரைப் பத்தி அதையா எழுதறது? நீங்க வேற அன்னிக்கு அவரைத் திட்டாம, யார் போட்டதுன்னு கேட்டீங்க."

"தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு. அடுத்தது?"

"குடும்பத்தின் மீது அளவற்ற பாசம் கொண்டவர்."

"எப்படித் தெரியும்?"

"எல்லாரும் அப்படித்தானே சாமி எழுதுவாங்க."

சாமி தலையை ஆட்டினார். கீரைத் தட்டில் இன்னும் ஒரு கட்டு பிரிக்காமல் கிடந்தது.

"காலையில சுபேதார் இன்பநாதன் போன் பண்ணாரு," என்றார் ஏகாம்பரம். "ஆறு பேர் வர்றாங்களாம். 'தலை ஆறு வரும், கால் பத்துதான் தேறும், பாத்துக்கோ'ன்னு சொல்லிச் சிரிக்கறாரு. எல்லாம் எழுபதைத் தாண்டினவங்க. ஆனா கண்ணு பட்டாளத்துக் கண்ணு. மைதானத்துல கால் வச்சதும் கண்டுபுடிச்சிடுவாங்க. மடத்துக்காரனுக்குச் சம்பங்கி குட்டைக் கோடு போட்டுக் குடுத்திருக்கான்னு."

"அதுக்குப் பயமா?"

"பயமில்ல."

"பின்னே?"

ஏகாம்பரம் தாளை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார்.

"ஒரு மனுஷன் போயிட்டாரு. அவரை நெனைக்கணும்னு ஒக்காந்தா இந்த ஒரு முழம்தான் முன்னாடி வந்து நிக்குது. எப்படித்தான் சாமி நெனைக்கறது ஒருத்தரை?"

சாமி கீரைத் தட்டை ஓரமாக வைத்தார். உள்ளே போய்ப் பந்தை எடுத்து வந்தார். இருபத்தொன்பது நாளாக யாரும் தொடாத பந்து. காற்று இறங்கி ஒரு பக்கம் அமுங்கியிருந்தது.

"வாங்க."

"எங்க?"

"கேட்டீங்களே."

மைதானம் கிழக்கு மேற்காக நீளம். மேற்கே மடம். மாலையானால் மடத்தின் நிழல் மேற்குப் பாதியில் விழும். கிழக்குப் பாதியில் நிற்பவனுக்கு வெயில் நேராக முகத்தில் அடிக்கும். சம்பங்கி எப்போதும் கிழக்கில்தான் நின்றார். ஒரு செட் முடிந்தால் பக்கம் மாற வேண்டும் என்று யாராவது சொன்னால் கையை உதறுவார். அதெல்லாம் கிடையாது, எனக்கு இடம் மாறினால் தூக்கம் வராது என்பார். கிழவரின் பிடிவாதம் என்று விட்டுவிட்டார்கள்.

"அந்தப் பக்கம் போய் நில்லுங்க," என்றார் சாமி.

"அது அவர் பக்கம்."

"இப்ப காலியாத்தான் இருக்கு."

ஏகாம்பரம் வலைக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனார். பதினோரு வருடத்தில் அங்கே ஒரு நாள்கூட நின்றதில்லை. பின்கோட்டுக்கு முன்னால் போய்த் திரும்பினார். உடனே கையால் கண்ணை மறைத்தார்.

சாமி பந்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். எப்படி அடிப்பதென்று தெரியவில்லை. முதல் அடி வலையில் விழுந்தது. இரண்டாவது வலையைத் தாண்டியது.

ஏகாம்பரம் அண்ணாந்தார். வானம் முழுக்க வெள்ளையாக இருந்தது. பந்து எங்கோ இருந்தது. அது தோளில் மோதி உருண்டு போன பிறகுதான் தெரிந்தது.

"எடுத்துப் போடுங்க."

போட்டார். சாமி மறுபடி அடித்தார். இந்த முறை பந்து ஏகாம்பரத்தின் கைக்கு ஒரு அடி தள்ளி, கோட்டுக்கு உள்ளே, புழுதி கிளம்ப விழுந்தது.

"பாத்தீங்களா?"

"எதைப் பாக்கறது? கண்ணே தெரியல."

"அவருக்குத் தெரிஞ்சுதா?"

"தொப்பியை மூக்கு வரைக்கும் இறக்கிக்குவாரு. சத்தத்தை வச்சு ஆடறேம்பாரு. சும்மா பீத்திக்கறாருன்னு நெனச்சேன்."

ஏகாம்பரம் திரும்பி, பின்னால் இருந்த கோட்டையும் வலையையும் மாறி மாறிப் பார்த்தார். முழு ஒன்பது மீட்டர். போன மாதம்வரை ஆடிய மனிதருக்கு எழுபத்துமூன்று வயது.

"அப்ப இது இன்னும் மோசம்," என்றார். "வெயிலும் அவருக்கு, பெரிய பாதியும் அவருக்கு. என்னைப் பாத்துப் பரிதாபப்பட்டிருக்காரு. நொண்டிக்குப் பதினோரு வருஷம் விளையாட்டுக் காட்டியிருக்காரு."

"யார் அதிகமா ஜெயிச்சது?"

"அவர்தான்."

"ஜெயிச்சா என்ன பண்ணுவார்?"

"வலைக்கு அடியில பூந்து வந்து என் மூஞ்சிக்கு நேரா சல்யூட் அடிப்பாரு. 'இன்னா டிரைவர், வண்டி ரிவர்ஸ்லயே போவுது'ம்பாரு."

"உங்க கை வலையில பட்டா?"

"விட்டுருவாரா? படலன்னு நான் சொல்ல, பட்டுச்சுன்னு அவர் சொல்ல... ஒரு தடவை இருட்டற வரைக்கும் சண்டை. சுடுதண்ணி வச்சுக்கினு நீங்க வந்து கூப்பிட்டீங்க."

"பரிதாபப்படறவங்க அப்படித்தான் சண்டை போடுவாங்களா?"

ஏகாம்பரத்தின் முகம் இளகவில்லை. பந்தை எடுத்து வலைக்கு மேலே போட்டுவிட்டு, சுண்ணாம்பு டின்னிடம் போனார். அதைத் தொடாமல் நின்றார்.

வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நாய் குரைக்கவில்லை. எழுந்து போய் அழைத்து வந்தது.

நவநீதம் வந்தாள். கட்டையான உருவம். தோளில் ஒயர் கூடை. உச்சி வெயிலில் நடந்து வந்தவள்போல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னா, ரெண்டு பேரும் வெயில்ல நின்னுகினு? தம்பி, நான் வர்றதுக்குள்ள அப்படி இன்னா அவசரம்? கயிறு இல்லாம எப்படிக் கோடு போடுவே?"

"இன்னா கயிறு அக்கா?"

"ஏன், அவர் கயிறுதான். வூட்லதான் வச்சிருப்பாரு. நீ எங்க பாத்திருப்பே, சனிக்கெழமை ஆனா ஞாயித்துக்கெழமை சோத்துக்குக் காய் வாங்க டவுனுக்குப் போயிடுவே. நீ பஸ் ஏறின பிறகுதான் என்னைக் கூட்டிக்கினு வருவாரு. ஒருத்தர் புடிக்கணும்ல."

கூடையிலிருந்து கயிற்றை எடுத்தாள். பழைய கிணற்றுக் கயிறு. சுண்ணாம்பு ஊறி வெளுத்து விறைத்திருந்தது. ஒரு முனையில் இரும்பு முளை கட்டியிருந்தது. நேராக வலைக்கு அடியில் போய்க் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள். மண்ணில் ஏற்கனவே இருந்த குழியில் முளையைச் செருகினாள். பார்க்காமலே செருகினாள்.

"அவர் பக்கத்துக்கு முழுக் கயிறு. உன் பக்கத்துக்கு எந்த முடிச்சுல புடிக்கட்டும்?"

"முடிச்சா?"

"கடைசி முடிச்சுதானே இப்ப."

ஏகாம்பரம் கயிற்றை வாங்கினார். விரல்களை ஓட்டினார். முனைக்கு ஒரு முழம் முன்னால் ஒரு முடிச்சு. அதற்கு ஒரு சாண் முன்னால் இன்னொன்று. அதற்கும் முன்னால் ஒன்று. ஆறு முடிச்சுகள் இருந்தன. வலைக்குக் கிட்ட இருந்த முதல் முடிச்சு முழு அளவுக்கு இரண்டு எட்டு உள்ளே இருந்தது.

கயிற்றைத் தரையில் நீட்டி எட்டு வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு எட்டு," என்றார். "ஒரு முழம் இல்ல சாமி. ரெண்டு எட்டு."

சாமி வலைக் கம்பத்தில் சாய்ந்து நின்றார்.

"உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

"கயிறு புடிச்சவளுக்குத் தெரியாம? உனக்குத் தெரியாதா?" நவநீதம் நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "அவர் சொல்லியிருப்பாருன்னுல்ல நெனச்சேன்."

"சொல்லல."

"அதானே. எதைத்தான் சொன்னாரு."

அவள் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"மொத வாரம் ரெண்டு பக்கமும் சமமாத்தான் போட்டாரு. அன்னிக்கு நீ மூணு செட்டும் தோத்தே. வூட்டுக்கு வந்தவரு தட்டைத் தள்ளிட்டாரு. இன்னாய்யான்னு கேட்டா, 'ஜெயிச்சுட்டேன் நவநீதம், ஆனா ஆட்டமே நடக்கல'ன்னாரு. மறுநாள் காலையில கெணத்துக் கயிறை அறுத்துட்டாரு. ஒரு குடம் தண்ணி மொள்ள வழியில்லாம நான் கத்தறேன், அவர் பாட்டுக்கு முடிச்சுப் போட்டுக்கினு இருக்காரு."

ஏகாம்பரம் முதல் முடிச்சைப் பிடித்தபடி நின்றார்.

"இது ரெண்டாவது. நீ ஒரு கட்டையைத் தூக்கிப் போட்டியே, அப்போ. இது உங்க மடத்துப் படியைப் புடிக்காம ஏறினே பாரு, அப்போ. ராத்திரி சோறு தின்னும்போது சொல்வாரு. 'டிரைவர் திமிரா ஆடறான், சனிக்கெழமை ஒரு சாண் வெளிய தள்ளிப் புடி'ம்பாரு. கோவமாத்தான் சொல்வாரு."

"கோவமாவா?"

"பின்னே? அந்த வாரம் நீ அவரைத் திணற அடிச்சிருப்பே." அவள் கணக்காக ஒரு முடிச்சைத் தொட்டாள். "நடுவுல உனக்கு இடுப்பை மறுபடி கிழிச்சாங்களே, அந்த வருஷம் திரும்ப ரெண்டாவது முடிச்சுக்கு வந்தோம்."

ஏகாம்பரம் நிமிர்ந்தார். "அந்த வருஷம்தான் நான் அவரை ஜெயிச்சேன். மூணு செட்டும். சட்டையைக் கழட்டிச் சுத்தினேன்."

"தெரியும். அன்னிக்குப் போர்வையை இழுத்து மூடிக்கினு படுத்துட்டாரு. பெரிய பொண்ணு போன் பண்ணுது, அப்பா இல்லன்னு சொல்லுங்கறாரு. ரெண்டு நாள் என்கூடப் பேச்சில்ல, நான் கயிறைத் தப்பாப் புடிச்சுட்டேனாம். பொறாமை புடிச்ச மனுஷன்."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வலை காற்றில் லேசாக அசைந்தது.

"இதெல்லாம் எங்கய்யா கத்துக்கினேன்னு ஒரு தடவை கேட்டேன்," என்றாள். "மேலேன்னாரு. மேலேன்னா அவருக்குப் பனிமலை. மூணு வருஷம் இருந்தாரு. அங்க இன்னா நடந்துச்சுன்னு வாயைத் தொறந்ததில்ல. அன்னிக்குத்தான், 'வெரல் போனவனும் ஆடணும்ல'ன்னாரு. அவ்ளோதான். அப்புறம் சோறு போடுன்னுட்டாரு."

கூடையில் கையை விட்டு ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே மடித்த இன்லேண்டு லெட்டர்.

"பொண்ணுங்க பேனர்ல மெடல் குத்தின போட்டோ வச்சிருக்காங்க. வைக்கட்டும். எனக்கு இதை வைக்கணும்னு ஆசை. அங்கேர்ந்து போட்டது. இதுல ஒரு வார்த்தை நல்லாருக்கியான்னு இருக்காது, பாரு."

ஏகாம்பரம் பிரித்தார். கடிதத்தில் எழுத்து அதிகம் இல்லை. பக்கம் முழுக்க ஒரு கட்டம் வரைந்திருந்தது. நடுவில் வலை. ஒரு பாதியில் ஆறு வட்டம். முன்னால் நடுவில் 'நவநீதம்' என்று எழுதியிருந்தது. அவளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு மகள்கள். பின்னால் ஒரு வட்டத்தில் 'அம்மா, ஓட வேண்டாம், நின்றால் போதும்' என்று இருந்தது. இன்னொன்றில் 'குட்டி, இன்னும் பேர் வைக்கவில்லை'. ஆறாவது வட்டம் காலி. கோட்டுக்கு வெளியே ஒரு சின்னப் புள்ளி வைத்து, பக்கத்தில் எழுதியிருந்தது: 'நான். லீவு கிடைத்ததும் உள்ளே.'

ஏகாம்பரம் வெகுநேரம் அதைப் பார்த்தார். மடித்த மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்துக் கொடுத்தார். தன் மடியிலிருந்த தாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நீ இன்னா எழுதியிருக்கே தம்பி? நல்லா எழுதியிருக்கியா?"

"இன்னும் முடிக்கல அக்கா."

"நாளைக்குப் பேசுவல்ல?"

நவநீதம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு சாமியின் முகத்தைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் கயிற்றில் ஒட்டியிருந்த புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

நிழல் மடத்திலிருந்து நீண்டு வலைக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

"சாமி," என்றார் ஏகாம்பரம். "கோட்டை எங்க போடட்டும்? சரியான அளவுக்குப் போட்டா அவர் போட்டதை அழிச்ச மாதிரி இருக்கு. அவர் போட்ட எடத்துலயே போட்டா, வர்றவங்க முன்னாடி நான் குட்டைக் கோட்டுலதான் நிக்கணும்."

சாமி பந்தைத் தரையிலிருந்து எடுத்துப் புழுதியைத் தட்டினார்.

"பேசச் சொன்னாலும் இன்னா பேசறதுன்னு தெரியல. நேர்மையானவர்னா இந்தக் கயிறு சிரிக்குது. இல்லன்னா நாக்கு வரமாட்டேங்குது. ஒரு வார்த்தை நீங்க சொல்லுங்க. அதை நாளைக்கு அப்படியே சொல்லிடறேன்."

"அவங்க எத்தனை பேர் வர்றாங்கன்னு சொன்னீங்க?"

"ஆறு பேரு."

"கால்?"

"பத்து."

சாமி பந்தை நவநீதத்தின் கூடைக்குப் பக்கத்தில் வைத்தார். மடத்தை நோக்கி இரண்டடி நடந்தார். கீரை வாடிக்கொண்டிருக்கும். நின்று, திரும்பாமல் கேட்டார்.

"நாளைக்கு வெயில் பக்கம் யாரு?"

ஏகாம்பரம் வலையைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

கிழக்குப் பாதியைப் பார்த்தார். சற்று முன் பந்து விழுந்த இடத்தில் புழுதி குழிந்திருந்தது. மேற்கே திரும்பிச் சூரியனைப் பார்த்தார். கண் கூசியது. கையால் மறைக்கவில்லை.

சாமி உள்ளே போய்விட்டார்.

"எங்க புடிக்கட்டும் தம்பி?" என்றாள் நவநீதம்.

ஏகாம்பரம் கயிற்றை எடுத்தார். "வர்றவங்க இந்தப் பக்கம் நிக்கட்டும் அக்கா," என்று நிழல் பக்கம் நடந்தார். விரல்கள் கடைசி முடிச்சைத் தாண்டின. ஒவ்வொன்றாகத் தாண்டி முதல் முடிச்சில் வந்து நின்றன. கயிற்றை விறைப்பாக இழுத்து, அந்த முடிச்சைத் தரையில் வைத்து அவளிடம் காட்டினார்.

அவள் எழுந்து வந்து குனிந்து, முடிச்சைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

டின் சாய்ந்து கொஞ்சம் சுண்ணாம்பு கொட்டியிருந்தது. ஏகாம்பரம் மடியிலிருந்த தாளை எடுத்தார். இரண்டாக மடக்கி, கொட்டியதை அதனால் வழித்து டின்னுக்குள் போட்டார். குச்சியைத் தேடி எடுத்தார்.

டக். டக். டக்.

நாய் காதை மட்டும் அசைத்தது. எழுந்திருக்கவில்லை.